கிணற்றில் விழுந்த கமெண்ட்டுகள்

அந்த சேனலைப் பார்க்கிற எட்டு லட்சம் பேரில் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது. ஆனால் அவர்களில் பல்லாயிரம் பேர் அவளோடு பேசியிருக்கிறார்கள். வீடியோவுக்குக் கீழே யார் என்ன எழுதினாலும் நாற்பது நிமிடத்துக்குள் தொகுப்பாளர் பெயரில் ஒரு பதில் வந்துவிடும். "உங்க அன்புக்கு நன்றி சகோ" என்று தொடங்கும், ஒரு கேள்வியோடு முடியும். அந்தப் பதில்களை எழுதுகிறவள் அவள்தான். வயது நாற்பத்தாறு. அலுவலகத்தில் அவளைப் பதில் அக்கா என்பார்கள்.

அலுவலகம் என்பது முதல் மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் விளக்குகளும் சுவரெல்லாம் பஞ்சுப் பலகையும். அங்கே உட்கார்ந்துதான் தொகுப்பாளர் பேசுவார். இன்னொன்றில் வீடியோவை வெட்டி ஒட்டுகிற இரண்டு பேர். மூன்றாவது அறை முன்பு சமையலறையாக இருந்தது. அவளுடைய கணினி சமையல் மேடை மேல் இருக்கிறது. பக்கத்தில் தொட்டியும் குழாயும் அப்படியே. குழாய் சொட்டும் என்பதால் கீபோர்டைக் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பாள்.

பதில் ஏன் கேள்வியில் முடிய வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே தொகுப்பாளர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"கேள்வி கேட்டாத்தான்க்கா திரும்பி வருவான். வந்தா எவனாவது அவன்கிட்ட மோதுவான். மோதினாத்தான் வீடியோ ஓடும்."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழைய கணக்கு. இப்போது ஊர் தானாக இரண்டுபடும் வரை கூத்தாடி காத்திருப்பதில்லை.

வருகிற கமெண்ட்டுகளை அவள் மூன்றாகப் பிரிக்க வேண்டும். பாராட்டு ஒன்று, கேள்வி ஒன்று. மூன்றாவதற்கு அலுவலகத்தில் கிணறு என்று பெயர். வெறுமனே திட்டுகிறவர்களை அதில் போடுவார்கள். ஒருவர் பெயர் மேல் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அவர் அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் நேராகக் கிணற்றுக்குப் போகும். அவருக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். அவருடைய திரையில் அவர் எழுதியது அப்படியே தெரியும். வேறு ஒருவர் கண்ணிலும் படாது. வாயைப் பொத்தினால் பொத்தப்பட்டவன் திமிறவாவது செய்வான். இது அதைவிட நயமான கொடுமை. தான் ஊமையாக்கப்பட்டது ஊமைக்கே தெரியாது.

இந்த வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் ஒரு நிறுவனத்தின் தொலைபேசிக் குறைதீர்ப்புப் பிரிவில் இருந்தாள். அங்கேயும் அவள் பெயரை யாரும் கேட்டதில்லை. திருமணம் வேண்டாம் என்று இருபத்தெட்டு வயதில் முடிவு செய்தாள். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை. வருத்தம் வேறு வகையில் வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் அவள் வாய் திறந்து பேசியது தண்ணீர் கேன் கொண்டுவந்தவரிடம் மட்டும் என்று ஒரு திங்கட்கிழமை பேருந்தில் கவனித்தாள். பேசியதும் "அங்க வைங்க" என்ற இரண்டு சொல். ஆனால் அதே இரண்டு நாளில் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

போன மாதம் தொகுப்பாளர் ஒரு வீடியோ போட்டார். 'நாம் ஏன் பிரிந்தோம்' என்று தலைப்பு. கட்சிச் சண்டையில் குடும்பங்கள் எப்படி உடைகின்றன, நண்பர்கள் எப்படி முகம் திருப்புகிறார்கள் என்று நாற்பத்திரண்டு நிமிடம் பேசினார். முப்பதாவது நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் பார்த்தவர்கள் உண்மையாகவே அழுதார்கள். நானும் என் தம்பியும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை என்று ஒருவர். மாமனார் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை என்று ஒருவர். ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது என்று ஒருவர். யாரும் யாரோடும் மோதவில்லை. அவள் வழக்கம்போல ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, "உங்க வீட்ல இப்போ யாரோடயாவது பேசாம இருக்கீங்களா சகோ?" என்று முடித்துக்கொண்டிருந்தாள்.

தொகுப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. நான்கு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னக்கா, இழவு வீடு மாதிரி இருக்கு? எல்லாரும் அழுதுட்டுப் போறாங்க."

"நீங்கதானே தம்பி அழ வெச்சீங்க?"

"அழுதா ஒரு தடவதான்க்கா பாப்பான். ரெண்டாம் பாகம் போடலாம். கெணத்துல எறங்கி நல்ல காரமா ஒரு பத்து எடுங்க. நம்மள நாறடிச்சுத் திட்டினதா பாத்து. நான் ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டி, இதான் நாட்டு நெலமைன்னு சொல்றேன்."

கிணற்றுக்குள் அவள் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கத்தான் என்ன இருக்கிறது? திறந்ததும் பதினோராயிரம் கமெண்ட்டுகள். எழுதியவர் வாரியாக அடுக்கினால் வேலை சுலபம் என்று அடுக்கினாள். அதிகம் எழுதியவர் மேலே வருவார். முதல் பெயர் 'லிஃப்ட்காரன்'. பக்கத்தில் நூற்று நாற்பத்து மூன்று என்ற எண். சின்ன வட்டத்துக்குள் ஒரு புகைப்படம்: ஓர் ஆளின் தோள் மேல் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பெண் குழந்தை.

பதினைந்து வருடத்துக்கு முன் அந்தப் படத்தை எடுத்ததே அவள்தான். தோள் அவளுடைய அண்ணனுடையது, குழந்தை அவன் மகள் பாப்பா.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன் தேர்தல் நேரத்தில், ஒரு விடுமுறை நாள், அவள் வீட்டு மின்விசிறியைப் பழுது பார்க்க வந்திருந்தான். ஸ்டூல் மேல் நின்று வயரைச் சீவிக்கொண்டிருந்தவன் தன் கட்சித் தலைவரைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொன்னான். அந்த ஆள் திருடன் என்றாள். உன் ஆள் மட்டும் யோக்கியனா என்றான். உனக்குப் படிப்பு இல்லை, அதனால்தான் ஏமாறுகிறாய் என்று அவள் சொன்னாள். அங்கேதான் சண்டை கட்சியை விட்டு நகர்ந்தது. அவன் பத்தாவதோடு நின்றவன். ஸ்டூலிலிருந்து இறங்கி, ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இரண்டு வயர்கள் உச்சியில் வாயைப் பிளந்தபடி தொங்கின. அன்று மாலையே அவன் எண்ணை அவள் போனில் தடை செய்தாள். அடுத்த வாரம் வேறு ஆளை வைத்து விசிறியை மாட்டிக்கொண்டாள்.

சேனலில் அவன் எழுதிய முதல் கமெண்ட் சண்டைக்கு மறுநாளே வந்தது. "இந்த சேனல்ல பதில் எழுதுறவங்களுக்கு மனசாட்சி இருக்கா? என் தங்கச்சிதான் எழுதுறா. பெரிய படிப்பு படிச்சவ. அண்ணன்கிட்ட எப்படிப் பேசணும்னு எந்தப் புத்தகத்துலயும் படிக்கல போல." கோபத்திலும், அலுவலகத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்திலும் பொத்தானை அழுத்தினாள். அழுத்தியதை ஒரு மாதத்தில் மறந்தும் போனாள்.

அவன் நிறுத்தவில்லை.

முதல் இருபது கமெண்ட்டுகள் வெறும் அரசியல். அதற்குப் பிறகு அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அவள் யார் யாருக்கோ எழுதிய பதில்களின் கடைசியில் இருக்கும் கேள்விகளுக்கு அவன் பதில் சொல்லத் தொடங்கியிருந்தான். ஆளைத் திரும்ப வரவழைக்க அவள் போட்ட தூண்டில்கள் அவை. அவன் அவற்றைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டான்.

குடிநீர் பற்றிய வீடியோவில், "உங்க தெருவுல தண்ணி ஒழுங்கா வருதா சகோ?" என்று யாரிடமோ கேட்டிருந்தாள். கீழே அண்ணன்: "எங்க தெருவுல ரெண்டு நாளா வரல. உனக்கு வருதா? உங்க மாடி மோட்டார்ல சத்தம் கேட்டா உடனே அணைச்சிடு, விட்டா எரிஞ்சிடும்."

மருத்துவமனை பற்றிய வீடியோவில், "கடைசியா எப்போ டாக்டரப் பாத்தீங்க?" அண்ணன்: "போன மாசம். சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு. உன் அண்ணிக்குத் தெரியாது. போட்டுக் குடுத்துடாத."

"என்ன புத்தகம் படிச்சிட்டிருக்கீங்க?" என்ற கேள்விக்கு: "லிஃப்ட் கம்பெனி குடுத்த புது மாடல் கையேடு. முந்நூறு பக்கம். நானும் படிக்கிறவன்தான்."

அதைப் படித்தபோது குழாய்ப் பக்கம் திரும்பி முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

ஒன்றரை வருடத்துக்கு முந்தைய ஒன்று: "நான் யாருக்காக ஃபேன பாதியில விட்டுட்டு வந்தேனோ அவரும், நீ யாருக்காகக் கத்துனியோ அவரும் இன்னிக்கு ஒரே மேடையில கைகோத்து நிக்கிறாங்க. பாத்தியா? மாலை ரெண்டு பேருக்கும் ஒரே சைஸு. நாமதான் கேனைங்க." அந்தக் கூட்டணிச் செய்தி வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. அவளும் அண்ணனைத்தான் நினைத்தாள். அன்றைய வீடியோவுக்கு அறுநூறு பதில்கள் எழுத வேண்டியிருந்தது.

மேலே இருப்பவர்கள் கை கோப்பதற்கு ஒரு மாலை போதும். கீழே இருப்பவர்களுக்கு அப்படி ஒரு மேடை யாரும் போட்டுக்கொடுப்பதில்லை.

நூற்று நாற்பத்து இரண்டாவது கமெண்ட் 'நாம் ஏன் பிரிந்தோம்' வீடியோவுக்குக் கீழே, மூன்று வாரத்துக்கு முன் போட்டது. "யாரோடயாவது பேசாம இருக்கீங்களான்னு கேட்டிருக்க. இருக்கேன். தங்கச்சியோட. பாப்பாவுக்கு வெளிநாட்டுல வேல கெடச்சிருக்கு, திங்கக்கெழம கெளம்புறா. அத்தையப் பாத்துட்டுப் போகணுங்கிறா. ஞாயித்துக்கெழம பத்து மணியிலேருந்து வீட்லதான் இருப்போம். வரணும்னா வா. வரலைன்னாலும் பரவால்ல, ஒரு பதில் மட்டும் போடு."

நூற்று நாற்பத்து மூன்றாவது, அடுத்த செவ்வாய்க்கிழமை போட்டது, ஒரே சொல்: "சரி."

அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் இருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பதில் எழுதினாள்.

தொகுப்பாளருக்கு வேறு பத்துப் பேருடைய வசவுகளை எடுத்துக் கொடுத்தாள். "செம்மக்கா" என்றார். போனை எடுத்து அண்ணன் எண்ணின் தடையை நீக்கி அழைத்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

அடுத்த வாரம் புதன்கிழமை விடுப்பு எடுத்தாள். மதியத்துக்கு முன் அண்ணன் வீட்டு அழைப்பு மணியை அடித்தாள். கதவைத் திறந்தது அண்ணி. கையில் மடித்த துணி.

"யாரு... ஓ. மகாராணியா? வழி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணி. அண்ணன் இல்லயா?"

"மூணு வருஷம் காத்துக்கிட்டே இருப்பாரா? வேலைக்குப் போயிருக்காரு." அண்ணி வழி விடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. "பாப்பா போயிட்டா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வரல. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உன் அண்ணன் வெளிய போற உடுப்பக் கழட்டல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... அந்த மனுஷன் உனக்காகவே பேசுறாரு. 'அவ படிக்கிறாடி, எல்லாத்தையும் படிக்கிறா. வேல எடத்துல சொந்தக்காரங்களுக்குப் பதில் போடக் கூடாதுன்னு ரூல் இருக்கும்'னு. இருக்கா அப்படி ஒரு ரூல்?"

அவள் தன் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"வாயத் தொறக்காத. டைப் மட்டும் பண்ணு." அண்ணி உள்ளே போய் ஒரு துண்டுத் தாளில் முகவரி எழுதிக்கொண்டு வந்தாள். "அஞ்சு மாடிக் கட்டடம். அங்கதான் ஏதோ நின்னுபோச்சாம். போ. போய் என்னத்தையாவது சொல்லு. இல்லன்னா அவரு மறுபடியும் அந்த போனக் கையில எடுத்துருவாரு."

நான்காவது மாடிக்கு அவள் மூச்சு வாங்க ஏறியபோது அண்ணன் லிஃப்ட் கதவுக்கு முன் மண்டியிட்டிருந்தான். தலை நரைத்திருந்தது. கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"...டீச்சர், லைட்டு மங்கலாத்தான் எரியும், அது அப்படித்தான். காத்து நல்லா வரும். தரையில உக்காந்துக்குங்க. நான் இங்கயேதான் இருக்கேன். என் பொண்ணுக்கும் உங்கள மாதிரி ஒரு கணக்கு டீச்சர் இருந்தாங்க, ரொம்பக் கண்டிப்பு..."

திரும்பியவன் அவளைப் பார்த்தான். பிறகு கதவுப் பக்கமே திரும்பிக்கொண்டான்.

"...கண்டிப்புன்னாலும் நல்லவங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் டீச்சர்."

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் மெதுவாகக் கேட்டாள்: "உள்ள ஆள் இருக்காங்களா? பதிலே வரலையே?"

"இருக்காங்க. பயந்தவங்க பேச மாட்டாங்க," என்றான் அவளைப் பார்க்காமல். "நாம நிறுத்தக் கூடாது. நிறுத்தினா, வெளிய யாரும் இல்லன்னு நெனச்சுடுவாங்க. அதான் தொழில்ல மொதப் பாடம்."

மேலே போய் எதையோ திருகிவிட்டு வந்தான். கதவு விலகியது. முழங்கால் உயரத்தில் நின்ற பெட்டிக்குள்ளிருந்து ஒல்லியான ஒரு பெண்மணி இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. "எல்லாம் கேட்டுச்சுப்பா," என்றார். அவ்வளவுதான். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி படியில் இறங்கிப் போனார்.

பழுது பார்த்த லிஃப்ட்டை மூன்று முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆட்களை ஏற்ற வேண்டும். அண்ணன் உள்ளே போய் நின்றான். "ஏறு," என்றான். "ரெண்டு பேர் எடை இருந்தா நல்லது."

இருவரும் கதவைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முதல் ஓட்டத்தில் அவன் மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவதில் அவன் கேட்டான்:

"இன்னும் அந்த ஆளத் திருடன்னுதான் சொல்றியா?"

"ஆமா. இப்போ ரெண்டு பேரையும் சொல்றேன்."

"ம். அது நியாயம்."

மூன்றாவது ஓட்டத்தில், இரண்டாம் மாடி தாண்டும்போது: "நான் எழுதுனதெல்லாம் படிச்சியா?"

படித்தேன் என்று சொன்னால் முழுப் பொய்யில்லை. படித்தும் திமிரில் பதில் போடவில்லை என்று அவன் நினைத்துக்கொள்வான், திட்டுவான், திட்டி ஆறுவான். உண்மையைச் சொன்னால் திட்டுவதற்குக்கூட எதுவும் மிஞ்சாது. ஆனால் பொய் சொல்கிறவர்களை ஏசப் போய்த்தான் இந்த மனிதனை இழந்தாள். ஒரு பொய்யால் அவனைத் திரும்ப வாங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"மொத கமெண்ட்லயே உன்ன மறைச்சிட்டேன் அண்ணா. ஒரு பட்டன் இருக்கு. அத அழுத்தினா நீ எழுதுறது உனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் தெரியாது. போன வாரம்தான் தெறந்து பாத்தேன். பாப்பா போனப்புறம்."

லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. அவன் இறங்கவில்லை.

"யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது."

"அதான் ஒரு லைக்கு கூட வரல," என்றான். சிரிக்கப் பார்த்தான். "மாலை ஒரே சைஸுன்னு எழுதினேனே, அதுக்காவது ஒண்ணு வரும்னு நெனச்சேன்."

கதவு தானாகச் சாத்தப் போனது. கையை வைத்துத் தடுத்தான்.

"இப்போ எல்லாத்தையும் படிச்சிட்டியா?"

"எல்லாத்தையும்."

"எத்தன நாளாச்சு படிக்க?"

"ஒரு நாள். அரை நாள்தான்."

"மூணு வருஷம் எழுதினேன்டி," என்றான்.

அறுபதாயிரம் பேருக்கு எழுதிய விரல்கள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"வெளிய எடுத்து விடவா? எல்லாரும் பாக்குற மாதிரி?"

"ஐயோ, வேணாம். சுகர் பத்தி எல்லாம் இருக்கு. உன் அண்ணி கொன்னுடுவா." இறங்கினான். "மோட்டார் ரூம் பூட்டணும். நேரமாகும். நீ கெளம்பு."

கதவு மூடியது. அவள் தனியாகக் கீழே வந்தாள். போகவில்லை. தபால் பெட்டிகள் மாட்டிய சுவரில் சாய்ந்து நின்றாள். பெட்டிகளில் பெயர்கள் இருந்தன. மேல் வரிசையை இரண்டு முறை படித்தாள். போனில் புதிய கமெண்ட்டுகளின் அறிவிப்புகள் வந்தபடி இருந்தன. எடுத்துப் பார்க்கவில்லை.

அரை மணி கழித்து அண்ணன் படி வழியாக இறங்கி வந்தான்.

"இன்னும் போகலையா?"

"இல்ல."

கருவிப் பையை இருசக்கர வண்டியின் பின் இருக்கையில் வைத்துக் கட்டினான். கட்டி முடித்தும் வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியைத் துடைத்தான்.

"பஸ் ஸ்டாப் எங்கன்னு தெரியுமா?"

வரும்போது அங்கேதான் இறங்கியிருந்தாள்.

"தெரியாது."

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அவள் நடைபாதையில் வந்தாள். நடுவில் வண்டி. இருநூறு அடி தூரம். பாப்பா போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று கேட்டாள். சேர்ந்துவிட்டாள், அங்கே குளிர் அதிகமாம் என்றான்.

நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்றது. ஒருவர் இறங்கினார், இரண்டு பேர் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. பேருந்து கிளம்பிப் போனது.

"உன் பஸ்தானே அது?" என்றான் அண்ணன்.

"ஆமா."

அவன் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டான்.